சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு

இசையைப் பற்றி மாணவர்களோடு உரையாடும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. நம்முடைய இசை பிறநாட்டு இசையோடு கலக்கலாமா? கலந்தால் அது நம்முடைய இசையாக நிற்குமா? நெய்வேலி நகரியத்தின் பள்ளிகளில் பயிலும் சிறுவர்கள் இதை ஆவலோடு கேட்கிறார்கள். கல்லூரி இளைஞர்கள் சற்றுச் சினத்தோடே கேட்கிறார்கள். கலத்தல் கூடாது என்பது பெரியவர்களின் கட்சி. ஏன் கூடாது என்பது இளைஞர்களின் கட்சி. இரு கட்சியாரும் பெரும்பாலும் சான்று எதுவும் காட்டாமலே வாதிடுகிறார்கள்.

ஆகவே இன்று வாதத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, வரலாற்றில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். 1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க்கு நகரை அடுத்த லாங் ஐலண்டில், சவுத்தாம்ப்டன் கல்லூரி மேடையில் ஐவர் அமர்ந்து வாசித்தார்கள். அந்தக் கச்சேரி அப்படியே பதிவு செய்யப்பெற்று 1976இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதில் உள்ள உருப்படிகள் மூன்றே மூன்று. மொத்தம் ஏறத்தாழ 52 நிமிடங்கள். 'சக்தி' என்ற குழுவின் முதல் இசைத்தட்டு அது. நம் கேள்விக்கு அதனிடம் ஒரு விடை இருக்கிறது.

முதலில் ஜாஸ் இசையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மிசிசிப்பி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை அது. அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஆப்பிரிக்காவின் தாள உணர்வும், ஐரோப்பியப் படைவரிசைகளின் ஊதுகருவிகளும் அவர்கள் கையில் ஒன்றாயின. எனவே ஜாஸ் பிறவியிலேயே கலப்பிசை. நம்மவர் மனோதர்மம் என்று போற்றுவதைப் போலவே, மேடையில் அவ்வப்போது கற்பித்து வாசிப்பதுதான் அதற்கும் உயிர். ஆனால் இரண்டிற்கும் அடித்தளம் வேறு. ஜாஸில் பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகள் அடுத்தடுத்து மாறிக்கொண்டே செல்லும்; வாசிப்பவரின் கற்பனையும் அம்மாற்றத்தைத் தழுவிச் செல்லும். நம் இசையிலோ தம்பூராவின் ஆதார சுருதி அசையாது நிற்கும். அதன்மேல் இராகம் விரியும். தாளம் கணக்குக் காட்டும்.

பிறவியிலே கலந்த ஜாஸ் பின்னரும் கலந்துகொண்டேதான் வந்தது. 1969ஆம் ஆண்டு தொடங்கி மைல்ஸ் டேவிஸ் என்னும் எக்காளக் கலைஞர் மின்கருவிகளையும் ராக் இசையின் வேகத்தையும் அதனுள் கொணர்ந்தார். 1980களின் பிற்பகுதியில் இலண்டன் இளைஞர்கள் அதை நடன இசையோடு சேர்த்து 'ஆசிட் ஜாஸ்' என்று பெயரிட்டனர். 1987இல் அப்பெயரிலேயே ஓர் இசைத்தட்டு நிறுவனமும் தோன்றிற்று. காலத்தால் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது சக்தி குழு. ஆனால் அது சென்ற திசை வேறு. ஏனைய குழுக்கள் மின்சாரத்தின் முழக்கத்தை நாடிச் சென்றபோது, இக்குழு மரத்தாலும் தோலாலும் களிமண்ணாலும் ஆன கருவிகளை நாடியது.

இதற்கு வழிவகுத்தவர் ஜான் மெக்லாக்லின் என்னும் ஆங்கிலேயர். 1942இல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் டான்காஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். 1969இல் அமெரிக்கா சென்று மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற பதிவுகளில் கிட்டார் வாசித்தார். 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவைத் தாமே தொடங்கினார். மகாவிஷ்ணு என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மோய் அவருக்கு இட்ட பெயர். அக்குழுவின் இசை இடிமுழக்கம் போன்றது. 1973இல் வெளிவந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' என்னும் அவர்களுடைய தட்டு, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம் வரை ஏறியது. சொற்கள் இல்லாத இசைக்கு அது கிடைத்தற்கரிய வெற்றி.

அத்தகைய வெற்றியைக் கண்டவர் அடுத்துச் செய்தது என்ன? மாணவராக அமர்ந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அப்போது டாக்டர் எஸ். இராமநாதன் நம் இசையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து தெளிந்த தமிழறிஞர் அவர், சிறந்த பாடகர், வீணை வல்லுநர். அவரிடம் மெக்லாக்லின் வீணை பயின்றார். கிட்டாரில் உலகப் புகழ் பெற்ற விரல்கள் மீண்டும் தொடக்கப் பாடத்திற்குத் திரும்பின என்பதை மாணவர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே வெஸ்லியனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் வயலின் கலைஞர் எல். சங்கர். அவருடைய தந்தையார் வி. இலட்சுமிநாராயணன் யாழ்ப்பாணத்து இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். சங்கரின் இளமை அங்கே கழிந்தது. 1958இல் இலங்கையில் நிகழ்ந்த இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. தமையன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் வயலினில் பெயர் பெற்றவர்களே. வீட்டையும் ஊரையும் விட்டு வர நேர்ந்தவர்கள், தந்தையார் கற்பித்த வித்தையை மட்டும் விடவில்லை.

வயலினைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். அது நம் நாட்டில் பிறந்த கருவியன்று. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் தொடர்பால் அதைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார் என்பது இசை வரலாறு. முத்துசாமி தீட்சிதரே மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாடல் இயற்றி 'நோட்டுஸ்வர சாகித்தியம்' என்ற வகையைத் தந்தவர். கலத்தல் கூடாது என்போர் தீட்சிதர் குடும்பத்தை என்ன செய்வார்கள்? நாம் வயலினைத் தரையில் அமர்ந்து, அதன் தலையைப் பாதத்தில் ஊன்றி, கமகங்களுக்கு ஏற்ப விரலை இழைத்து வாசிக்கக் கற்றோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்மிடம் வாழ்ந்த பிறகு, அக்கருவி ஒரு தமிழரின் கையில் மேல்நாட்டு மேடைக்குத் திரும்பியது. போனபோது இருந்த கருவிதான். ஆனால் அது பேசிய மொழி வேறாக இருந்தது.

இனித் தாள வாத்தியங்களுக்கு வருவோம். தபேலா வாசித்தவர் 1951இல் பம்பாயில் பிறந்த ஜாகிர் உசேன். உஸ்தாத் அல்லா ரக்காவின் புதல்வர். கடம் வாசித்தவர் 1942இல் சென்னையில் பிறந்த டி. எச். விநாயகராம், சென்னையில் தாள வாத்தியப் பள்ளி நடத்திய ஹரிஹர சர்மாவின் மைந்தர். எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் கச்சேரிகளில் கடம் வாசித்த பெருமை அவருக்கு உண்டு. மிருதங்கம் வாசித்தவர், வெஸ்லியனில் ஆசிரியராக இருந்த ராம்நாடு வி. ராகவன். குழுவின் மூன்று தட்டுகளில் இம்முதல் தட்டில் மட்டுமே அவருடைய மிருதங்கத்தைக் கேட்கலாம்.

கிழக்கும் மேற்கும் சந்தித்தன என்று இத்தட்டைப் பாராட்டுவது வழக்கம். அதற்குச் சமமான மற்றொரு சந்திப்பும் இதில் நிகழ்ந்தது. தபேலா இந்துஸ்தானி இசைக்கு உரியது. மிருதங்கமும் கடமும் கருநாடக இசைக்கு உரியவை. அவற்றின் சொற்கட்டு வேறு, கணக்கு வழக்கு வேறு. பம்பாய்க்காரரும் சென்னைக்காரரும் ஒரே மேடையில் ஒரே கோர்வையைச் சேர்ந்து முடிக்க, முதலில் ஒருவர் பாடத்தை மற்றவர் கற்க வேண்டியிருந்தது. அச்சந்திப்பு ஓர் அமெரிக்கக் கல்லூரியில் தட்டில் பதிந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கடத்தின் நிலையையும் கருதுங்கள். நம் கச்சேரி மேடையில் அது உபபக்கவாத்தியம். பாடகர், வயலின், மிருதங்கம் ஆகியோருக்குப் பிறகே அதன் முறை வரும். தனி ஆவர்த்தனத்திலும் மிருதங்கம் முதலில் பேசும். கடம் விடை சொல்லும். சக்தி குழுவிலோ பாடகர் இல்லை. ஆகவே பக்கவாத்தியம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஒரு மண்பானை வயலினுக்கும் கிட்டாருக்கும் சரியாசனத்தில் அமர்ந்து பேசியது.

தட்டின் முதற்பக்கத்தில் இரண்டு உருப்படிகள். 'ஜாய்' என்பது முதலாவது, பெயரின் பொருள் மகிழ்ச்சி, 18 நிமிடம். எடுத்த எடுப்பிலேயே விரைவுகாலம். வயலினும் கிட்டாரும் நீண்ட சங்கதிகளை ஒருமித்து வாசிக்கின்றன. பின்னர்த் தனித்தனியே கற்பனையில் இறங்குகின்றன. தாளக் கருவிகள் தம் திறத்தைக் காட்டுகின்றன. மீண்டும் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. முதலில் மெட்டு, பிறகு தனிக்கற்பனை, இறுதியில் மெட்டுக்குத் திரும்புதல் என்பது ஜாஸின் மரபு. சுரம் பாடிக் குறைத்துக்கொண்டே வந்து கோர்வை வைத்துத் தீர்மானம் சேர்ப்பது நம் மரபு. இரண்டு மரபும் ஒரே உருப்படியில் முட்டிக்கொள்ளாமல் நடப்பதைக் காணலாம். சில இடங்களில் வேகத்தின் ஆவேசத்தில் இராகத்தின் சாயல் மங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். மின்கிட்டாரை விட்டவர் அதன் அவசரத்தை இன்னும் முழுதும் விடவில்லை போலும்.

இரண்டாவது 'லோட்டஸ் ஃபீட்', அதாவது தாமரைத் திருவடி. ஐந்து நிமிடத்திற்கும் குறைவு. அமைதியும் எளிமையும் நிறைந்த மெட்டு. வித்தை காட்டும் நோக்கமே இதில் இல்லை. மறுபக்கம் முழுவதும் ஒரே உருப்படி, 29 நிமிடம். இதுவும் வேண்டா, அதுவும் வேண்டா, ஆண்டவன் திருவடியில் ஆடுகின்றேன், எல்லாம் ஆனந்தம் என்னும் பொருள்படும் நீண்ட பெயர் அதற்கு. நாழிகைக் கணக்கில் இராகம் பாடக் கேட்டுப் பழகிய நமக்கு 29 நிமிடம் பெரிதன்று. மூன்று நான்கு நிமிடப் பாட்டுக்குப் பழகிய இசைத்தட்டுச் சந்தையில் அது துணிச்சல்.

இக்குழுவிற்காக மெக்லாக்லின் தம் கிட்டாரையே மாற்றிக்கொண்டார். நம் வீணையில் மெட்டுகள் உயர்ந்து நிற்பதால், தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகத்தை உண்டாக்கலாம். கிட்டாரின் கழுத்துப்பலகை தட்டையானது. விரல் மரத்தில் முட்டி நின்றுவிடும். ஆகவே மெட்டுகளுக்கு இடையில் உள்ள மரத்தை வழித்துக் குடைந்து பள்ளமாக்கினார்கள். கீழே ஏழு ஒத்திசைத் தந்திகளையும் குறுக்காகப் பூட்டினார்கள். வாசிக்கும் சுரத்திற்கு அவை தாமே அதிர்ந்து, தம்பூராவைப் போன்றதொரு கார்வையைத் தந்தன.

நெய்வேலியில் வாழும் எனக்கு இச்செய்தி வேறொன்றை நினைவூட்டுகிறது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்ற ஜெர்மனியிலிருந்து வாளிச் சக்கரங்கள் பூண்ட மாபெரும் எந்திரங்கள் வந்தன. அனல்மின் நிலையத்தைச் சோவியத் நாட்டின் துணையோடு அமைத்தார்கள். ஆனால் தத்தம் நாட்டு மண்ணுக்கென்று வகுத்த எந்திரங்கள் நம் மண்ணில் எளிதில் வேலை செய்யவில்லை. கடலூர்ப் பகுதியின் மணற்பாறை கடினமானது. எஃகுப் பற்களைத் தேய்த்துத் தின்றுவிடும் இயல்புடையது. பற்களை மாற்றியமைத்தார்கள், பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்தினார்கள். அதன் பின்னரே 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்தைக் கண்டது. வெளியிலிருந்து வந்த கருவி இம்மண்ணின் தன்மைக்கு வளைந்துகொடுத்தது. இம்மண்ணை அறிந்தவர்கள் அக்கருவியின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார்கள். குடைந்த கிட்டாரும் மாற்றிய எஃகுப் பல்லும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. கலப்பு என்பது இரண்டை அருகருகே வைப்பதன்று. ஒவ்வொன்றும் மற்றதற்காகத் தன்னில் ஏதேனும் ஒன்றை மாற்றிக்கொள்வதே கலப்பு.

இனி, பலரும் கேட்கத் தயங்கும் ஒரு வினாவையும் கேட்டுவிடுவோம். இத்தகைய கலப்பில் பெயர் யாருக்குப் போகிறது? கறுப்பினத்தார் படைத்த ஜாஸ் 1917இல் முதன்முதல் இசைத்தட்டில் ஏறியபோது, அதை வாசித்தவர்கள் வெள்ளையர் ஐவர். வரலாறு அப்படிப்பட்டது. சக்தியின் முதல் தட்டின் பெயரிலும் 'ஜான் மெக்லாக்லினுடன்' என்ற தொடர் சேர்க்கப்பட்டுள்ளது. அமெரிக்கக் கடையில் தட்டு வாங்குவோர் அறிந்த பெயர் அதுவே. எனினும் மூன்று உருப்படிகளில் இரண்டு, மெக்லாக்லினும் சங்கரும் சேர்ந்து இயற்றியவை என்றே குறிக்கப்பட்டுள்ளன. தாளக் கலைஞர்களின் பெயர் இயற்றியோர் வரிசையில் இல்லை. 'ஜாய்' உருப்படியைக் கேட்பவர் எவரும் அதில் பாதி அவர்களுடைய படைப்பு என்று சொல்லிவிடுவர். குழுவுக்குள் நிலவிய சமத்துவம் மேலுறையை முழுதாக எட்டவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நெய்வேலியின் பெயர் நாடெங்கும் தெரியும். அதற்கு நிலத்தைத் தந்த சிற்றூர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்? உழைப்பிலும் கலையிலும் இக்கணக்கை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பது நல்லது.

தட்டு சந்தையில் பெருவெற்றி பெறவில்லை. மகாவிஷ்ணு குழுவின் முழக்கத்தை எதிர்பார்த்தவர்களுக்கு, சம்மணமிட்டு அமர்ந்து மரக்கிட்டார் வாசிக்கும் மெக்லாக்லின் புதியவராகத் தோன்றினார். 1976இலும் 1977இலும் மேலும் இரண்டு தட்டுகள் வந்தன. 1978இல் குழு கலைந்தது. வாழ்ந்த காலம் குறைவு. ஆனால் அது விதைத்தது வீண்போகவில்லை. 1997இல் ஜாகிர் உசேனும் மெக்லாக்லினும் அதை மீண்டும் தொடங்கினர். பின்னர் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ், விநாயகராமின் மைந்தர் வி. செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் ஆகியோர் அதில் சேர்ந்தனர். 2023இல் வெளிவந்த 'திஸ் மொமெண்ட்' என்னும் தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். முதல் தட்டு வெளிவந்தபோது ஒரு வியாபாரி அதன் எதிர்காலத்தைக் கணித்திருந்தால், ஐம்பது ஆண்டுக் கதை இது என்று சொல்லியிருக்க மாட்டான்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது திரும்புவோம். நம் இசை பிற இசையோடு கலக்கலாமா? சக்தியின் முதல் தட்டு தரும் விடை இது: கலக்கலாம், ஆனால் கலக்க வருகிறவனிடம் முதலில் கையிருப்பு வேண்டும். மேடையில் அமர்ந்த ஐவரில் அரைகுறையாகக் கற்றவர் ஒருவருமில்லை. நால்வர் இளமை முதல் குருவின் முன் அமர்ந்து பயின்றவர்கள். ஐந்தாமவர் புகழடைந்த பின்னும் குருவைத் தேடிச் சென்றவர். தன் பாடம் ஆழமாகத் தெரிந்தவனுக்கே எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பது தெரியும். அஃது அறியாதவன் கலப்பில் தன்னை இழப்பான். அல்லது அச்சத்தால் கதவை அடைத்துக்கொள்வான்.

நம் இசைக்கலைஞர்கள் ஊர்ப்பெயரைத் தம் பெயர்முன் தாங்குவது வழக்கம். லால்குடி, பாலக்காடு, ராம்நாடு என்பன பழைய ஊர்கள். நெய்வேலி நகரியமோ 1950களில் எழுந்தது. ஆயினும் வாய்ப்பாட்டில் நெய்வேலி சந்தானகோபாலன், மிருதங்கத்தில் நெய்வேலி வெங்கடேஷ் என்று அதன் பெயரும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கிறது. புதிய ஊருக்கும் பழைய வித்தை கைவரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை தந்து முடிக்கிறேன். 'லோட்டஸ் ஃபீட்' என்ற மெட்டை மெக்லாக்லின் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவு செய்தார். ஒன்று, நாம் இதுவரை பேசிய தட்டில் உள்ளது. மற்றொன்று, அதே 1976இல் வெளியான மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' தட்டில், மின்கருவிகளோடு அமைந்தது. இரண்டையும் தேடி எடுத்து, அமைதியான நேரத்தில் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு ஒன்றுதான், வாசித்தவரும் ஒருவர்தான். முதல் பதிவில் வயலின் நுழையும் இடத்தையும், மெட்டின் அடியில் தோற்கருவியும் மண்பானையும் தரும் நடையையும் கவனியுங்கள். பிறகு எது மாறியது, எது மாறவில்லை என்று உங்கள் சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.